ஷெர்லினின் மூன்று விரல்கள்

"இன்னாடா, தூங்கிகினே வர்றே? ரெண்டு வாக்கியம் குடு, ஒண்ணா கட்டித் தர்றேன்" என்கிறாள் ஷெர்லின், கம்பெனிப் பேருந்தில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தபடி. பேருந்து படப்பையைத் தாண்டுகிறது. கொட்டாவிக்கு நடுவே ஒருவன், "மெஷின் நின்னுச்சி. லைன் நின்னுச்சி" என்கிறான். வாக்கியத்துக்கு ஒரு விரலாக நீட்டுகிறாள். "முன்னாடி ஒரு பிகாஸ் போடு, முடிஞ்சிது" என்று விரல்களைச் சேர்த்து மூடுகிறாள்.

எங்கள் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரமாக வேண்டுமானால் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். அதில் பாதிக் கேள்வி, சின்னச் சின்ன வாக்கியங்களை ஒன்றாக்கச் சொல்லும். போல்ட் முடுக்குகிறவனுக்கு இது எதற்கு என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. தரச் சோதனைப் பிரிவில் இருக்கும் ஷெர்லின் அந்தத் தேர்வில் என்றோ தேறிவிட்டாள். இன்னமும் ஒப்பந்தம்தான். அதையே பாடமாக்கி வைத்திருக்கிறாள்: "ஆல்தோ ஷெர்லின் பாஸ் பண்ணா, பர்மனென்ட் ஆவல. ஆல்தோ எங்க வருதுன்னு புரிஞ்சிதா?"

சீருடைப் பையில் எப்போதும் பொட்டுக்கடலை. யாராவது துண்டு துண்டாகப் பேசினால் அவளுக்குப் பொறுக்காது. "பால் தீந்துபோச்சு. டீ இல்ல" என்ற டீக்கடைக்காரரிடமே, "சேத்து சொல்லுண்ணா" என்றவள். இப்போது அந்தக் கிண்டல் இல்லை. பாடம் நடக்கிறது, அவ்வளவுதான்.

அவளிடம் நன்றாகப் படித்தவன் வடக்குப்பட்டு வெங்கடேசன். போன மாதம் பிரஸ் மெஷின் அவனுடைய வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தவேண்டிய சென்சார் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் ஷெர்லினிடம் மூன்றே வாக்கியம் சொன்னான்: "சென்சார் வேல செய்ல. சூப்பர்வைசர் பரவால்ல ஓட்டுன்னாரு. நான் கைய வுட்டேன்."

வெளிநாட்டு மேலாளர் நடத்திய விசாரணையில் அதை அவனுக்குப் பதிலாக ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவள் அவள்தான். எதிரே அந்தச் சூப்பர்வைசர் புருஷோத்தமன் உட்கார்ந்திருந்தார். அவள் ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கையெழுத்துப் போடவேண்டியவரும் அவரே. ஷெர்லின் முதலாவதையும் மூன்றாவதையும் அழகாகச் சேர்த்து ஒரே வாக்கியமாகச் சொன்னாள். பழுதான மெஷினைத் தன் இஷ்டத்துக்கு ஓட்டியது தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடிவானது. வெங்கடேசனுக்கு வேலை போயிற்று.

"நடுவுல இருந்தத முழுங்கிட்டேன்ணா" என்று மறுநாள் பேருந்தில் என்னிடம் சொன்னாள். கோபம் வந்தது. விசாரணையில் அவள் இருந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்துப் பார்த்தேன், கோபமும் போய்விட்டது. வேறு எதுவும் அதன் இடத்துக்கு வரவில்லை.

இன்று காலை வடக்குப்பட்டு நிறுத்தத்தில் வெங்கடேசன் நின்றிருந்தான். படியேறி நேராக அவளிடம் வந்தான். வலது கைக் கட்டு அழுக்கேறியிருந்தது.

"யக்கா, நான் சொன்ன மூணையும் சொன்னீங்க இல்ல? அப்புறம் எப்டிக்கா எம்மேல தப்புன்னு சொல்றாங்க?"

அவள் கற்றுக்கொடுத்தபடியே இடது கையில் மூன்று விரல்களை நீட்டிக் காட்டினான். டிரைவர் ஹாரன் அடித்தார். ஷெர்லின் அந்தக் கையைப் பிடித்து, நடுவிலிருந்த விரலை மட்டும் மெல்ல மடக்கினாள்.