அண்ணனுக்குப் போட்ட மருந்துகள்

காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நான் செவிலியராக வேலை பார்க்கிறேன். என் அண்ணன் ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டினார். எங்கள் பெற்றோர் தென்னேரிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் அண்ணன் பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு வண்டியைப் பிடித்தார். நான் நர்சிங் படித்தேன். அவர் நிறுத்தியதால்தான் நான் படிக்க முடிந்தது என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அண்ணனும் சொன்னதில்லை.

அவருக்கு முதல் முறை நெஞ்சுவலி வந்தது ஒரு முற்பகலில். நான் பணியில் இருந்தேன். காக்கிச் சட்டை முழுக்க வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருக்க, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்ததால் அது என் அண்ணன் என்று எனக்கு உடனே உறைக்கவில்லை. யார் கூட்டி வந்தது என்று கேட்டேன். தானே ஓட்டி வந்ததாகச் சொன்னார். வழியில் வலி வந்ததாம். வண்டியில் கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்களாம். அவர்களை எல்லாம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுவிட்டுத்தான் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்.

ஈசிஜி எடுத்ததும் டாக்டர் தாளை என் பக்கம் நீட்டினார். மாரடைப்பு என்பது கோட்டிலேயே தெரிந்தது. ஆஸ்பிரினைக் கையில் கொடுத்து, முழுங்காமல் மெல்லச் சொன்னேன். அண்ணன் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாமா இது, புளிக்குது."

"மென்னுணா. பேசாத."

அடுத்து ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒரு மாத்திரை. பிறகு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி. அதை எடைக்குத் தகுந்த அளவில்தான் போட வேண்டும். அண்ணனுக்குத் தன் எடை தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் எங்கேயோ பார்த்தது என்றார். அவரை எழுப்பி நிற்க வைக்க முடியாது என்பதால் உத்தேசமாகக் கணக்கிட்டோம். அந்த ஊசி இதயக் குழாயில் இருக்கும் கட்டியைக் கரைக்கும், சில சமயம் மூளையில் ரத்தம் கசியவும் வைக்கும். அதைச் சொல்லித்தான் வீட்டாரிடம் சம்மதம் வாங்குவோம். எத்தனையோ பேரிடம் "பயப்படாதீங்க" என்று நான் பேனாவை நீட்டியிருக்கிறேன். அன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். போட்டேன்.

ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் மானிட்டரில் துடிப்பு தாறுமாறாக ஓடியது. அடைப்பு திறக்கும்போது அப்படி வருவதுண்டு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு அது தானாகவே சீரானது. அண்ணன் கண் திறந்தார்.

"வலி கம்மியாயிடுச்சுமா. வண்டி வெயில்ல நிக்குது, யாரையாச்சும் நிழல்ல வுட சொல்லு."

நானே போய் வண்டியைத் தள்ளி வைத்தேன்.

பிறகு சென்னைக்கு மாற்றினோம்; அங்கே இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். உயிர் தப்பியது, ஆனால் இதயத்தின் பம்பிங் பாதியாகக் குறைந்துவிட்டது. துடிப்பை மட்டுப்படுத்த ஒன்று, ரத்தம் கட்டாமல் இருக்க இரண்டு, உடம்பில் தங்கும் நீரை வெளியேற்ற ஒன்று என்று மாத்திரைகள் வீட்டுக்கு வந்தன. அண்ணி அவற்றைக் காலை, மதியம், இரவு என்று மூன்று டப்பாக்களில் பிரித்து வைத்தார். அவர் வீட்டில் பட்டு நூல் சுற்றுகிறவர், நுணுக்கமான வேலை அவருக்குப் பழக்கம். அந்த மாத்திரைகளைத் தொடும்போது மட்டும் அவர் விரல் தயங்கும்.

சில மாதங்களில் அண்ணனுக்குக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைக்கு மேல் தலையணை வைத்துச் சாய்ந்து தூங்கினார். மறுபடி எங்கள் வார்டுக்கே வந்தார். நீர் பிரியும் ஊசியை நரம்பில் போட்டதும் கட்டிலில் தொங்கிய மூத்திரப் பை நிறைய நிறைய மூச்சு இளகியது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று டாக்டர் கேட்க, அண்ணி சத்தியம் செய்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் போன பிறகு அண்ணனிடம் கேட்டேன். காலையில் போட வேண்டிய நீர் மாத்திரையை மட்டும் வேலைக்குப் போகும் நாட்களில் வாயில் போட்டுப் பிறகு துப்பிவிடுகிறாராம்.

"அத போட்டா கால் மணிக்கு ஒருவாட்டி வருதுமா. வண்டி நிறைய பொம்பளைங்க உக்காந்துக்கினு இருப்பாங்க. நடுரோட்டுல நிறுத்திட்டு, இருங்க வந்துர்றேன்னு எப்படி போறது?"

மருந்தை முறையாக உட்கொள்ளாதவர் என்று எங்கள் கேஸ் ஷீட்டில் எழுத ஒரு வரி உண்டு. நானே பலருக்கு அதை எழுதியிருக்கிறேன். அந்த வரிக்குள் இப்படி ஒரு மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று யோசித்ததில்லை.

டாக்டரிடம் பேசி மாத்திரை நேரத்தை மதியத்துக்கு மாற்றினோம். மதியம் சவாரி குறைவு. ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிரில் உதிரி பாகக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் இருந்தார். அண்ணனை நெடுநாளாகத் தெரிந்தவர். அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் அடிக்கடி போகும் தொல்லை. விஷயம் தெரிந்ததும் கடைக்குப் பின்னால் இருந்த கழிப்பறையின் சாவியை வாசல் ஆணியில் மாட்டி வைத்துவிட்டார். "கேக்கவே வேணாம் தம்பி, எடுத்துக்கினு போ" என்றாராம். அதன் பிறகு வீக்கம் வற்றியது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அண்ணன் நன்றாகவே இருந்தார். உப்பில்லாத குழம்பைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார். தங்கை மருந்து ஊசி எல்லாம் கரைத்துக் குடித்தவள் என்று வண்டியில் ஏறுகிறவர்களிடம் சொல்வாராம்.

இரண்டாம் முறை மழை விட்ட ஒரு பிற்பகல். நான் அவசர மருந்துத் தட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தமும் பாயின் குரலும் ஒன்றாகக் கேட்டன. ஸ்டாண்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் அப்படியே சரிந்துவிட்டாராம். வேறொரு டிரைவர் ஓட்ட, பாய் பின் சீட்டில் அண்ணனை மடியில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நாடி இல்லை.

கட்டிலில் போட்டதும் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள். உடன் வேலை பார்த்த பெண் என்னை வெளியே போகச் சொன்னாள். நான் போகவில்லை. எனக்குத் தெரிந்த வேலையை எடுத்துக்கொண்டேன். இதயத்தைத் தூண்டும் அட்ரினலின் மருந்து ஆம்பியூலின் கழுத்தை உடைத்து, சிரிஞ்சில் இழுத்து, நரம்பில் ஏற்றி, பின்னாலேயே சலைன் தள்ளி, மருந்து இதயத்துக்கு ஓடட்டும் என்று அவர் கையைத் தூக்கிப் பிடித்தேன். வண்டிக்கு வெளியே நீட்டி நீட்டி அந்த வலது கை இடது கையைவிடக் கறுத்திருந்தது.

ஷாக் கொடுத்தார்கள். மறுபடி அழுத்தினார்கள். மறுபடி ஷாக். துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் கொடுத்தோம். ஒரு தடவை மானிட்டரில் ஏதோ எழுந்தது. எல்லோரும் கையை எடுத்துவிட்டுக் கழுத்தில் நாடி பார்த்தோம். இல்லை. பிறகு நேர்க்கோடு. மறுபடி அட்ரினலின், மறுபடி கையைத் தூக்கினேன். அழுத்துகிறவர்கள் மாறி மாறி வந்தார்கள். என் கை மட்டும் தப்பு இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. மனசு எங்கே இருந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

டூட்டி டாக்டர் என்னைவிட இளையவர். அண்ணனின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, இன்னும் போகலாமா?"

நிறுத்திவிடலாமா என்பதை எங்கள் டாக்டர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ட்ரேயில் இன்னும் ஆம்பியூல்கள் இருந்தன.

"போதும் டாக்டர்" என்றேன்.

அண்ணி அப்போது கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். சொந்தக்காரர்களை உள்ளே விடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். நான் வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டியபடி சுவர் ஓரமாக நின்றார். அடுத்த நாள் சர்ச்சில் ஜெபம் முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் ஷேர் ஆட்டோக்கள் வரிசையாகப் பின்னால் வந்தன. அண்ணன் வண்டியில் தினமும் ஏறிய பெண்களில் சிலர் வேலைக்குப் போகாமல் அவற்றில் உட்கார்ந்திருந்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்து அண்ணி என் வீட்டுக்கு வந்தார். அடுப்படியில் நான் காய் நறுக்க, அவர் தரையில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் வேறு எதையோ பேசிவிட்டுக் கேட்டார்.

"போதும்னு நீதான் சொன்னியாமே? உங்க ஆஸ்பத்திரி பொண்ணு சொல்லுச்சு."

"ஆமா அண்ணி."

"இன்னொண்ணு போட்டிருந்தா?"

மூளைக்கு ரத்தம் போகாத நேரம், கண்மணி விரிந்தது, நேர்க்கோடு எல்லாவற்றையும் அவருக்கு விளக்கியிருக்கலாம். வேறு வீட்டாருக்கு அப்படித்தான் விளக்குவேன்.

"வந்திருக்க மாட்டாரு அண்ணி."

"தெரியுது" என்றார். புடவை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "நிறுத்துனதுக்கு நான் உன்ன ஒண்ணும் சொல்லல. நிறுத்தறதுக்கு முன்னாடி என்னக் கூப்பிட்டிருக்கலாம். அவரு காலையாச்சும் புடிச்சிக்கினு நின்னிருப்பேன்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு இருவரும் சேர்ந்து அழுதோம். ஆனாலும் அதன் பிறகு பல மாதங்கள் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான் போனால் பேசுவார், டீ போட்டுக் கொடுப்பார். அவ்வளவுதான்.

நான் அதே பிரிவில்தான் இருக்கிறேன். வேறு வார்டுக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். இப்போதெல்லாம் எந்த மருந்துக்கும் இதயம் அசையவில்லை என்று தெரியும்போது, நிறுத்துவதற்கு முன்னால் வீட்டாரில் ஒருவரை உள்ளே விடலாமா என்று டாக்டரிடம் கேட்கிறேன். சிலர் ஒத்துக்கொள்கிறார்கள். சிலருக்குப் பிடிப்பதில்லை.

போன மாதம் மாகறலிலிருந்து ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் செய்து பார்த்தோம். டாக்டர் சரி என்றதும் நான் போய் அவர் மனைவியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். அந்த அம்மா கூட்டத்தையும் மெஷின்களையும் பார்த்து மிரண்டார். பிறகு கணவரின் பாதத்தைக் கண்டுபிடித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டேன், நீ கவலப்படாத" என்று அவரிடம் சொன்னார். அதன் பிறகுதான் நிறுத்தினோம்.

வேலை முடிந்ததும் நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். நூல் சுற்றிக்கொண்டிருந்தவரிடம் இதைச் சொன்னேன். அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார், கை நிற்கவில்லை. சொல்லி முடித்ததும், அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா, ராத்திரி அவரோடு யார் இருப்பார்கள் என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அண்ணி எழுந்து உள்ளே போய் இரண்டு தட்டு எடுத்து வந்து சோறு போட்டார். அண்ணன் போன பிறகு அந்த வீட்டில் நான் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.