ஏழரைக்குப் பூட்டும் கேற்

உட்துறைமுக வீதிப் பக்கம் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் நான் காவலாளி. காலை ஏழரைக்குக் கேற்றைப் பூட்டுவது என் வேலை. பிந்தி வருகிற எவரையும் அதிபரைக் கேட்காமல் உள்ளே விடக்கூடாது.

இந்தியாவில் அகதி முகாமில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய மூன்று பிள்ளைகள் சேர்ந்தபோது அதிபர் என்னைக் கூப்பிட்டார். "நீங்களும் அங்க முகாமில இருந்துதானே வந்தனீங்கள்? இந்தப் பிள்ளையளை ஒருக்காப் பார்த்துக்கொள்ளுங்கோ."

நான் அந்த முகாமில் ஐந்தாம் வகுப்பு படித்துவிட்டுச் சுவருக்குப் பெயின்ற் அடிக்கப் போனவன். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்வது? அதைச் சொல்லவும் வெட்கம். ஓம் என்றேன்.

இடைவேளைகளில் மூவரும் கேற்றடியில் நான் உட்காரும் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். எந்தக் குழாயில் நல்ல தண்ணீர் வரும், எந்த ஆசிரியர் கோபக்காரர், இவ்வளவுதான் நான் சொல்லிக் கொடுத்தது. மூத்தவள் குச்சவெளியிலிருந்து பஸ்ஸில் வருவாள். வகுப்புப் பெடியள் அவளுடைய இந்தியப் பேச்சைப் பழித்துக் காட்டுவார்கள்.

"என்னங்க இந்தியா, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டாச்சுங்க. நீங்கதான் இன்னும் பல்லே வெளக்கல போல."

அங்கே பத்தாம் வகுப்பில் இருந்தவள். அதற்கான கடிதம் கையில் இல்லை. வெள்ளிக்கிழமை காலை ஒரு சோதனை வைப்போம், பாஸ் பண்ணினால் பத்தாம் வகுப்பு, இல்லாவிட்டால் எட்டு என்று அதிபர் சொல்லியிருந்தார்.

"எட்டுல போட்டா அம்மா தையல் கடைக்கு அனுப்பிடுவாங்க மாமா."

வெள்ளிக்கிழமை பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. அவள் ஓடி வந்தபோது ஏழு நாற்பது. நான் யோசிக்காமல் கேற்றைத் திறந்தேன். அவள் உள்ளே வரவில்லை.

"பெரிய சார்கிட்ட கேட்டீங்களா?"

"இல்லை. நீ வா."

"கேட்டுட்டு வாங்க மாமா. பேர் எழுதிட்டாங்கன்னா?"

முகாமில் பிந்தி வந்தால் வாசலில் பொலிஸ்காரர் பேர் எழுதுவார்கள். பிறகு விசாரணை வீட்டுக்கு வரும், அப்பாவைப் பிடிக்கும். அவள் இடத்தில் நானும் அப்படித்தான் நின்றிருப்பேன்.

கேட்கப் போனேன். அதிபரின் அறையில் கல்வி அலுவலகத்து ஆட்கள் இருவர் இருந்தார்கள். கதவு திறந்துதான் கிடந்தது. அவர் நிமிர்ந்து பார்ப்பார் என்று கையைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றேன். உள்ளே தேநீர் போனது, வெறுங்கோப்பைகள் திரும்பி வந்தன. பெரிய ஆட்கள் கதைக்கும்போது "சேர்" என்று ஒரு சொல் சொல்ல எனக்கு ஏலவில்லை. அங்கிருந்து பார்த்தால் கேற் தெரியும். திறந்த கேற்றுக்கு ஒரு முழம் வெளியே, புத்தகப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் நின்றாள்.

வந்தவர்கள் எழும்பிப் போகும்போது சோதனை முடிந்திருந்தது.

"அந்தப் பிள்ளை எங்க?" என்றார் அதிபர்.

"வெளியில நிக்கிறா, சேர்."

"ஏன்? ஆர் மறிச்சது?"

"உங்களைக் கேக்கத்தான் வந்து நிண்டனான், சேர்."

"சோதனைக்கு வந்த பிள்ளையை விடுறதுக்கும் என்னைக் கேக்கவேணுமே? சரி, திங்கட்கிழமை வரச்சொல்லுங்கோ. தனிய எழுத விடுறன்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் போய்விட்டாள். பின்னேரம் தாய்க்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். "இனி வரமாட்டனெண்டு நிக்கிறாள் அண்ணை. சொல்லிப் பாக்கிறன்" என்றார்.

திங்கட்கிழமை ஏழரைக்கு நான் கேற்றைப் பூட்டவில்லை. எட்டு மணிக்கு அதிபர் வெளியே வந்தார்.

"ஏன் பூட்டேல்லை? ஆரைக் கேட்டனீங்கள்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை, சேர். பிள்ளை வரவேணும்."

அவர் வீதியைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். குச்சவெளிப் பக்கத்துப் பஸ்கள் இரண்டு வந்து போயின. ஒன்பதரைக்கு நானே பூட்டினேன்.

இடைவேளையில் மற்ற இருவரும் வந்தார்கள். "அக்கா வரலையா மாமா?"

இல்லை என்றேன். "நீங்கள் பிந்தி வந்தால் ஒருத்தரையும் கேக்காமல் உள்ளுக்கு வாங்கோ. நான் திறப்பன்."

இருவரும் தலையாட்டினார்கள். பிறகு சின்னவன் கேட்டான்: "பெரிய சார் அப்படிச் சொன்னாரா?"