சாமி வந்த கை

கள்ளைக் குறைத்ததிலிருந்து எனக்குக் கை நடுங்குகிறது. காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கிறது. அலுத்துப்போய்த்தான் இன்று ரயில் பட்டறையிலிருந்து நேராகப் பிரிக்பீல்ட்ஸ் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன்.

பூசை நேரம். உடுக்கைச் சத்தத்தில் நடுக்கம் தோள்வரை ஏறியது. தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"சாமி வந்துருச்சு," என்றார் யாரோ. கூட்டம் விலகி வழிவிட்டது. நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள்.

இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள், ஓர் அக்கா கைகூப்பி எதிரே வந்து நின்றார்.

"என் வீட்டுக்காரரு எப்போ சாமி குடிய விடுவாரு?"

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

"ஒரேயடியா முடியாது தாயி. கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடுவாரு. கை நடுங்கும். சும்மா இருக்கும்போதே பயம் வரும். அப்போ திட்டாம பக்கத்துல இரு," என்றேன்.

அந்த அக்கா அழுதுவிட்டார். "போன மாசம் அவருக்கும் கை நடுங்குச்சு சாமி. நடிக்கிறாருன்னு திட்டித் தீத்துட்டேன். மறுபடியும் கடைக்கே போயிட்டாரு."

என் நெற்றித் திருநீற்றில் கொஞ்சம் எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

நண்பர்கள் பார்க்கட்டும் என்று இதை வாசகசாலைப் பலகையில் ஒட்டுகிறேன். என் மேல் வந்த சாமி மலையேற வழி தெரிந்தவர்கள் கீழே எழுதிவிட்டுப் போங்கள். 'ஒரு குவளை கள்' என்று மட்டும் எழுதாதீர்கள். அது எனக்கே தெரியும்.