ஆறாவது படத்தின் கோடு

ஆபீசில் எல்லாரும் அவளைக் கோட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். அவள் தன்னைவிட நான்கு வயது இளையவள் என்பதை அவர் என்றைக்கோ மறந்துவிட்டிருந்தார்.

ஐந்து மேசை, ஐந்து கணினி, தாளை அடிக்கடி கடித்துத் துப்பும் ஒரு பெரிய பிரிண்டர். ஆபீஸ் அவ்வளவுதான். வக்கீல்கள் அனுப்பும் பொருள்களை அங்கே கோடுகளாக மாற்றிக் கொடுப்பார்கள். நாற்காலி, பல்துலக்கும் பிரஷ், கார் விளக்கு, செல்போன் என்று எது வேண்டுமானாலும் வரும். ஒரு பொருளின் தோற்றம் தனக்கு மட்டுமே உரியது என்று ஒரு கம்பெனி பதிவு செய்ய வேண்டுமானால், அதை முன்புறம், பின்புறம், மேல், கீழ், இடப்பக்கம், வலப்பக்கம், சாய்வாக ஒன்று என்று ஏழு படமாகக் கொடுக்க வேண்டும். பின்னால் தகராறு வந்தால் கோர்ட்டில் அந்தப் படம்தான் பேசும்.

அதில் இரண்டே வகைக் கோடு. முழுக்கோடு போட்ட பகுதி பதிவு செய்கிறவனுடையது. புள்ளிக்கோடு போட்ட பகுதி பொருளில் இருக்கிறது, ஆனால் அதற்கு அவன் உரிமை கேட்கவில்லை. ஆபீஸ் பாஷையில் முழுக்கோடு 'சொந்தம்', புள்ளிக்கோடு 'ஊர்'. படம் முடிந்ததும் வரைந்தவர் ஒவ்வொரு கோட்டையும் வாய்விட்டுச் சொல்வார். இன்னொருவர் வக்கீல் அனுப்பிய மூலத்தாளை வைத்துக்கொண்டு தலையாட்டுவார். "வளைவு சொந்தம், பள்ளம் ஊர், பட்டன் ஊர்..." வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு ஏதோ பாகப்பிரிவினை நடக்கிறது என்றுதான் தோன்றும்.

கட்டட வரைபடம் போடுவதற்குத்தான் அவள் படித்தாள். வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியது அவள் ஒருத்திதான். படித்து முடித்தபின் எந்தக் கட்டடக்காரரும் அவளை உள்ளே விடவில்லை. இங்கே வந்தாள், பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. நடுவில் கல்யாணம் என்று ஒன்று நடந்து எட்டு மாதத்தில் முறிந்தது. யாராவது துருவிக் கேட்டால், "அளவு சரியில்ல, திருப்பிக் கொடுத்துட்டேன்" என்பாள். கேட்டவர் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த வேலைக்குப் போயிருப்பாள்.

மாடியில் ஒரு அறையில் அவள் இருந்தாள். கீழே தம்பியும் அவன் மனைவியும். சாப்பாடு மூன்று பேருக்கும் கீழே. தம்பி ஒரு செல்போன் தொழிற்சாலையில் போனின் முதுகுக் கண்ணாடியைப் பசை வைத்து ஒட்டுகிற வேலையில் இருந்தான். ஒரு போனுக்குப் பன்னிரண்டு விநாடி. அவன் ஒட்டியது ஒரு கம்பெனியின் போன். கோட்டக்கா வரைந்தது அதற்குப் போட்டியான பெரிய கம்பெனியின் போன். சாப்பிடும்போது இரண்டு பேருக்கும் இதுதான் விளையாட்டு.

"உங்க ஆளுங்களுக்குச் சொந்தமா ஒரு வளைவு போடத் தெரியாதாடா? எங்களைப் பார்த்துத்தான் அடிக்கணுமா?"

"நீ வேற. நாங்க போட்ட வளைவு நடந்து போகும்போது உங்க ஆளு ஜன்னல்ல எட்டிப் பார்த்திருக்கான்."

ஒரு நாள் விளையாட்டு நின்றது. முதுகின் வளைவைத் திருடிவிட்டார்கள் என்று பெரிய கம்பெனி வழக்குப் போட்டது. வழக்கு முடியும்வரைக்கும் அந்தப் போனைச் செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது என்று தடை கேட்டது. தம்பியின் பிரிவு அந்த ஒரு போனை மட்டும்தான் செய்தது. தடை வந்தால் முந்நூற்று நாற்பது பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எதிர்த்தரப்பு, அதாவது தம்பியின் கம்பெனி, பிடித்துக்கொண்டது கோட்டக்கா வரைந்த ஒரு கோட்டை.

அவள் வரைந்த போனில் முதுகும் பக்கவாட்டும் சேரும் இடத்தில் மெல்லிய பள்ளம் ஒன்று சுற்றி ஓடும். அது தெரிகிற எல்லாப் படத்திலும் புள்ளிக்கோடாக இருந்தது. ஆறாவதான வலப்பக்கப் படத்தில் மட்டும் முழுக்கோடு. எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னார்: "பள்ளமும் தங்கள் வடிவம்தான் என்று அவர்களே வரைந்திருக்கிறார்கள். எங்கள் போனில் பள்ளமே கிடையாது. பிறகு எப்படி இது நகல்?" அந்தக் கோடு வேண்டுமென்றே போட்டது என்றால் தம்பியின் வேலை பிழைக்கும். கை தவறிப் போட்டது என்றால் படத்தைத் திருத்த கோர்ட் அனுமதிக்கும், தடையும் வரும்.

மூலத்தாள் ஆபீஸ் இடம் மாறியபோது குப்பையோடு போய்விட்டது. வக்கீலிடமும் நகல் இல்லை. அன்றைக்குச் சரிபார்த்த ஆள் வேலையை விட்டு எங்கோ கடல் தாண்டிப் போய்விட்டான். எஞ்சியிருந்த சாட்சி அவள் ஒருத்திதான்.

படத்தைத் திரையில் திறந்த அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இடப்பக்கத்தை வரைந்துவிட்டு, வலப்பக்கத்துக்கு அதையே கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டிப் போடுவது அவர்கள் வழக்கம். அப்போது இருந்த பழைய மென்பொருளில் புரட்டினால் புள்ளிக்கோடு முழுக்கோடாகிவிடும். அதனால் புரட்டியதும் கோட்டை மாற்ற வேண்டும். ஆபீசில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. அன்று மாலைக்குள் பதிவு செய்தாக வேண்டும் என்று வக்கீல் ஆபீசிலிருந்து போன் மேல் போன். அவள் புரட்டினாள், மாற்றவில்லை.

முதலாளி கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"கோட்டக்கா, தப்புன்னு சொன்னா நம்ம ஆபீஸ் பேரு தீர்ப்புல வரும். அப்புறம் எந்த வக்கீல் நம்மகிட்ட ஒரு ஸ்பூனையாவது வரையக் கொடுப்பான்?"

"சார், அவங்க நம்ம கட்சிக்காரங்க."

"கட்சிக்காரங்கதான். அவங்களுக்கு நூறு பேரு வரைவாங்க. நமக்கு யாரு இருக்கா? ஞாபகம் இல்லைன்னு சொல்லிடு. அஞ்சு வருஷம் ஆச்சு, யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்?"

அன்று ராத்திரி வீட்டில் தம்பியின் மனைவி தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அண்ணி, பொய் சொல்லச் சொல்லல. ஞாபகம் இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. அது பொய்யா?"

தம்பி, "அவளைச் சாப்பிட விடு" என்றான்.

"நீங்க சும்மா இருங்க. வேலை போனா உங்களை யாரு கூப்பிட்டு வைப்பாங்க? முதுகு ஒட்டத் தெரியும்னு போய் நிப்பீங்களா?"

அவன் தட்டிலிருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அவன் கேட்டிருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும் என்று கோட்டக்காவுக்குத் தோன்றியது. கேட்டால் மறுக்கலாம், கோபப்படலாம். கேட்காதவனிடம் என்ன செய்வது?

படுத்தபின் அவள் யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் இல்லை என்றால் தம்பிக்கு நல்லது, முதலாளிக்கு நல்லது, பத்தொன்பது வருஷப் பேருக்கும் நல்லது. உண்மையைச் சொன்னால் பெரிய கம்பெனி ஒன்றுக்குத்தான் லாபம். அவள் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. உண்மை எப்போதும் இல்லாதவன் பக்கம்தான் நிற்கும் என்று எங்கேயோ படித்து வளர்ந்திருந்தாள். இங்கே அது காரில் வந்து இறங்கியது. ஞாபகம் இல்லை என்று சொல்வதாக முடிவு செய்தாள்.

பெரிய கம்பெனிக்காக வாதாடியது ஒரு வக்கீலம்மா. விசாரணைக்கு முன்னால் இரண்டு முறை ஆபீசுக்கு வந்து டீ குடித்துப் போனவள். "எப்படி வரைவீங்க, எப்படிச் சரிபார்ப்பீங்க, எல்லாம் சொல்லுங்க" என்று கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். அதுவரைக்கும் அந்த வேலையைப் பற்றி யாரும் கோட்டக்காவிடம் அப்படிக் கேட்டதில்லை. சொந்தம், ஊர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

கோர்ட்டில் முதல் அரைமணி நேரம் அவள் நினைத்தபடியே போனது. ஞாபகம் இல்லை, ரொம்ப நாள் ஆச்சு, தெரியவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். வக்கீலம்மாவும் வற்புறுத்தவில்லை. ஏழு படத்தையும் வரிசையாகத் திரையில் போட்டாள்.

"சரிங்கம்மா, விடுங்க. உங்க ஆபீசுல படத்தை வாய்விட்டுப் படிப்பீங்களே, அந்த மாதிரி இதைப் படிச்சுக் காட்டுங்க. நீதிபதி ஐயாவுக்கும் புரியட்டும்."

கோட்டக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஏதோ ஆட்சேபித்தார். நீதிபதி, படிக்கட்டும் என்றார்.

"முன்புறம். ஓரம் சொந்தம், திரை ஊர். பின்புறம். வளைவு சொந்தம், பள்ளம் ஊர்."

குரல் ஆபீஸ் மேசைக்குத் திரும்பியிருந்தது. பதினைந்தாயிரம் படமாவது இப்படிப் படித்திருப்பாள்.

"மேல். வளைவு சொந்தம், பள்ளம் ஊர். கீழ். வளைவு சொந்தம், பள்ளம் ஊர், துளை ஊர். இடப்பக்கம். வளைவு சொந்தம், பள்ளம் ஊர். வலப்பக்கம். வளைவு சொந்தம், பள்ளம் ஊர்."

சொன்னபிறகுதான் பார்த்தாள். திரையில் பள்ளம் கறுப்பாக, எங்கும் விடாமல், முழுக்கோடாக ஓடியது.

வக்கீலம்மா மேற்கொண்டு எதுவும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டாள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆறாவது படத்துல பள்ளம் முழுக்கோடா இருக்கு. நீங்க புள்ளிக்கோடுன்னு படிச்சீங்க. படிச்சது தவறா, வரைஞ்சது தவறா? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் இல்ல."

யோசிக்க அவளுக்கு நேரம் கொடுக்கப்பட்டது. தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். பழக்கத்தில் வாய் அப்படிப் போய்விட்டது, திரையைச் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எதிர்த்தரப்பு வக்கீல் முகத்தில் அந்தப் பதில் எழுதியே இருந்தது. அவள் தம்பியின் விரல்களை நினைத்தாள். பசை காய்ந்து தோல் உரிந்த நுனிகள். டம்ளரில் பாதித் தண்ணீர் குடித்தாள்.

"வரைஞ்சதுதான் தவறு" என்றாள். "புரட்டிப் போட்டுட்டு மாத்த மறந்துட்டேன்."

ஏன் சொன்னாள் என்று அவளுக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. நேர்மை என்று பேர் வைத்துக்கொள்ள அவளுக்குக் கூசியது. ஒரு தப்பான கோட்டைப் பார்த்துக்கொண்டே சரி என்று சொல்லக் கைக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதானா? அல்லது அத்தனை பெரிய மனிதர்கள் முதல்முறையாக அவள் வேலையைக் காதுகொடுத்துக் கேட்டார்களே, அந்த மயக்கமா? அப்படியென்றால் தம்பியின் வேலையை அவள் எதற்கு விற்றாள்?

பதினோராம் நாள் தடை வந்தது. மூன்றாம் வாரம் தம்பியின் பிரிவில் இயந்திரங்களைக் கழற்றினார்கள். கழற்றுவதற்கும் அவர்களையே வைத்துக்கொண்டு, முடிந்ததும் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அவன் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றப் போனான். கோட்டக்காவின் மேசைக்கு வேலை வருவது குறைந்து, பிறகு நின்றே போனது. முதலாளி திட்டவில்லை. புதிதாக வந்த பெண் வரைந்ததைச் சரிபார்க்கும்போது மூலத்தாளைப் பிடித்துக்கொள்ளும்படி கோட்டக்காவிடம் சொன்னார். அவள் பிடித்துக்கொண்டாள். தம்பியின் மனைவி சாப்பாட்டை ஒரு பாத்திரத்தில் போட்டு மாடிப்படியில் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினாள்.

ஐந்தாவது மாதம் இரண்டு கம்பெனிகளும் சமாதானமாகிவிட்டன. ஒருவர் வடிவத்தை மற்றவர் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். வழக்கு வாபஸ், தடையும் போயிற்று. இரண்டு பெரிய தலைகள் கைகுலுக்கும் படம் செய்தியில் வந்தது. அதே போனை மறுபடி செய்யத் தொடங்கினார்கள், வேறொரு ஊரில், பாதி ஆட்களை வைத்து.

அன்று சாயங்காலம் தம்பி மாடிக்கு வந்தான். பெட்டி தூக்கித் தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. செய்தியைக் காட்டிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"சம்பந்தி ஆயிட்டானுங்க பாரு" என்றான்.

அவள் சிரிக்க முயன்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்காதே."

"கேளு."

"அன்னைக்குக் கோர்ட்டுல... வேணும்னே சொன்னியா? இல்ல, வாய் தவறி வந்துடுச்சா? அங்க இருந்தவன் ஒருத்தன், படிக்கும்போது தவறி வந்துடுச்சுங்கிறான். இன்னொருத்தன், இல்ல, தண்ணி குடிச்சுட்டு நிதானமாத்தான் சொன்னாங்கங்கிறான்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தப் பதிலுக்காக அவன் காத்திருக்கிறான் என்பது அவன் குனிந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"வாய் தவறிடுச்சுடா" என்றாள் கோட்டக்கா. "படிச்சுக்கிட்டே வந்தேன், வந்துடுச்சு. அதுக்கப்புறம் மாத்த முடியல."

அவன் பெரிதாக மூச்சு விட்டான். "நானும் அதான் அவகிட்ட சொன்னேன். அக்கா வேணும்னே செய்வாளான்னு."

எழுந்து படி வரைக்கும் போய்த் திரும்பினான்.

"கீழ வந்து சாப்பிடு. நான் சொல்லிக்கிறேன் அவகிட்ட."

அவள் முகம் கழுவிக்கொண்டு இறங்கிப் போனாள். தம்பியின் மனைவி மூன்றாவது தட்டை எடுத்து வைத்தாள்.