பதினோரு பேர் அதிகம்

போன வாரம் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். தாணுமாலயன் இறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. மாரடைப்பு. எனக்குச் செய்தி வந்ததே தாமதமாகத்தான்.

தாணு யார்? நாகர்கோவிலிலிருந்து வேலை தேடி இந்த ஊருக்கு வந்த காலத்தில், ரயில் நிலையத்தை ஒட்டிய தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் மூன்று வருஷம் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். அவனுக்கு ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. நான் மேலே படித்து நிதி ஆலோசகன் ஆனேன். டை கட்டிக்கொண்டு, அடுத்தவர் கம்பெனி ஏன் ஓடவில்லை என்று சொல்லிக் காசு வாங்கும் தொழில்!

தொண்ணூறுகளின் கடைசியில் அவன் கம்பெனியே என்னைக் கூப்பிட்டது. நஷ்டத்தைக் குறைக்க வழி சொல்லவேண்டும். ஃபைல்களை என் ஆபீஸுக்கே வரவழைத்து, இரண்டு மாதம் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன். அதில் ஒரு வரி - 'கணக்குப் பிரிவில் பதினோரு பேர் அதிகம்.'

பெயர் எதுவும் எழுதவில்லை. நாங்கள் எண்ணிக்கை மட்டும்தான் எழுதுவோம்... அது எவ்வளவு சௌகரியம் தெரியுமா? அந்தப் பதினோரு பேரில் தாணுவும் வரக்கூடும் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும்.

ஆறு மாதம் கழித்து தாணு என்னைத் தேடி வந்தான். விருப்ப ஓய்வு என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். கையில் வந்த பணத்தை எங்கே போடலாம் என்று கேட்கத்தான் வந்திருந்தான்.

"நீ சொல்லு மக்கா, நான் அப்படியே செய்யுதேன்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. பாங்க் டெபாசிட்டில் போடு, மாதா மாதம் வட்டி வரும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

பிறகு வட்டி விகிதம் இறங்கிக்கொண்டே போனது. சாலை பஜாரில் ஒரு மளிகைக் கடையில் அவன் கணக்கு எழுதுவதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க முகமில்லை. அவன் போன் செய்தால் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். பொங்கலுக்குக் கூப்பிட்டான்; போகவில்லை. மகள் கல்யாணத்துக்குக் கவர் மட்டும் கொடுத்தனுப்பினேன்.

துக்க வீட்டில் அவன் மனைவி கோமதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டியிருந்தால் தேவலை.

"அது அவருக்கு அப்பவே தெரியும் அண்ணே. அந்த ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்ததே அவருதான். கடைசிப் பக்கத்துல உங்க கையெழுத்து இருந்துதாம்."

தெரிந்திருந்துமா என்னிடம் யோசனை கேட்க வந்தான்? கம்பெனிக்கு உள்ளதைச் சொன்னவன் தனக்கும் உள்ளதைத்தான் சொல்வான் என்று மனைவியிடம் சொன்னானாம்.

"வேலை போனதெல்லாம் சாரமில்ல, போனாப் போகுதுண்ணு விட்டுட்டாரு" என்றார் கோமதி. "நீங்க வராததுதான்... ஞாயித்துக்கிழமை ஆனா வாசலையே பாத்துட்டு இருப்பாரு."

குற்ற உணர்ச்சி இருப்பவன் நல்லவன் என்று நினைத்திருந்தேன். இல்லை. அவனுக்குத் தன்னைப் பற்றி மட்டும்தான் கவலை.

கரமனையில் இருக்கும் அந்த வீடு, என் ஆபீஸிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம்.