லாக் டிவைஸ் பேட்ச், வெர்ஷன் ஐந்து

ஐந்தாவது தடவையாக அதே பேட்ச் என் பெயருக்கு ரிவ்யூவுக்கு வந்த காலையில், நான் அதைத் திறக்காமல் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: அடுத்தவர் எழுதிய புரோகிராம் கோடைப் படித்துக் குறை பார்க்கும் ரிவ்யூ, மூளையைவிடப் பொறுமையைத் தின்கிற வேலை.

எங்கள் ஆபீஸ் தென்காசியில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருக்கிறது. சர்வர்களுக்கான ஸ்டோரேஜ் சாஃப்ட்வேர் செய்கிறோம். நான் பார்ப்பது டீபக் டூல். டிஸ்கில் ஃபைல்களை ஒழுங்காக வைத்திருக்கும் ஃபைல்சிஸ்டம் கெட்டுப்போய், மவுண்ட் ஆகாமல், அதாவது திறக்காமல் நின்றால், அதற்குள் நுழைந்து பார்க்கவும் சரிசெய்யவும் இருக்கிற கருவி.

ஃபைல்சிஸ்டம் டிஸ்கில் எதையும் மாற்றுவதற்கு முன்பு, என்ன மாற்றப்போகிறேன் என்று ஒரு லாகில் எழுதிக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனால், வந்த பிறகு லாகைப் பார்த்து விட்ட வேலையை முடித்துக்கொள்ளும். இதற்கு ரீப்ளே என்று பெயர். சில கஸ்டமர்கள் வேகத்துக்காக லாகை மட்டும் தனி டிஸ்கில் வைப்பார்கள். அதுதான் லாக் டிவைஸ். எங்கள் டூலுக்கு அப்படித் தனியாக இருக்கும் லாகைத் திறக்கத் தெரியாது. தெரியவைக்கத்தான் நாகூர் டூலின் கோடில் ஒரு மாற்றமாக அந்த பேட்சை எழுதினான்.

1. பஜ்ஜி

நாகூர் கடையநல்லூர்க்காரன். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். வேகமாக எழுதுவான். அவனுடைய முதல் வெர்ஷனில் நான் மூன்று குறைகள் சொன்னேன். டூலை ரீட்-ஒன்லியாக, அதாவது படிக்க மட்டும் திறந்தாலும் லாக் டிவைஸை மட்டும் எழுதும்படி திறக்கிறது. மேனுவல் பக்கத்தில் புதிய ஆப்ஷனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூன்றாவதுதான் பெரியது. கொடுக்கப்பட்ட லாக் இந்த ஃபைல்சிஸ்டத்தினுடையதுதானா என்று டூல் பார்க்கவே இல்லை.

ஒவ்வொரு லாகுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. தன் லாகின் எண்ணை ஃபைல்சிஸ்டமும் குறித்து வைத்திருக்கும். இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒப்பிடாமல் வேறொன்றின் லாகை ரீப்ளே செய்தால், எங்கோ நடக்க வேண்டிய மாற்றங்கள் இதன் மேல் எழுதப்படும். பழுதுபார்க்க வந்த டூலே மிச்சத்தையும் அழித்துவிடும்.

முதல் இரண்டையும் நான்காவது வெர்ஷனுக்குள் ஒருவழியாகத் திருத்திவிட்டான். மூன்றாவதற்கு ஐந்தாவது வெர்ஷனில் வந்தது இவ்வளவுதான்: எண் பொருந்தாவிட்டால் ஒரு வார்னிங் வரும், ஆனால் வேலை தொடரும். நான் திருப்பி அனுப்பினேன். அவன் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தான்.

"மாரி, நீ ரிவ்யூ பண்ணுதியா, பொண்ணு பாக்க வந்திருக்கியா? வாரப்பல்லாம் ஒரு கொற சொல்லுத."

"பொண்ணு பாக்க வாரவங்களுக்கு பஜ்ஜியாவது கெடைக்கும். எனக்கு என்ன கெடச்சுது?"

"அதான் வார்னிங் போட்டுட்டேம்லா."

"வார்னிங்க எவன் படிக்கான்? நீ படிக்கியா?"

"நான் படிக்க மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டான். "ஆனா கஸ்டமர் என்ன, ஊரான் லாகையா எடுத்துக் குடுப்பாரு? அவ்வளவு வெவரங்கெட்டவரா?"

எனக்குப் பதில் சொல்லச் சலிப்பாக இருந்தது. தெரியாமல்கூட மாற்றிக் கொடுக்கலாம் என்ற இதே பதிலை முந்தைய நான்கு வெர்ஷன்களிலும் எழுதியிருந்தேன்.

2. கடைசி வரி

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பேட்சைப் படித்து ஒப்புக்கொண்டவர் அதன் கடைசியில் 'ரிவ்யூட்-பை' என்று தன் பெயரைப் போட வேண்டும். அந்த வரி இல்லாமல் மெர்ஜ் கிடையாது, பேட்ச் டூலின் கோடில் சேராது. கோடு இருக்கிறவரை பெயரும் இருக்கும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா குற்றாலத்தில் அருவிக்குப் பக்கத்தில், குளிக்க வருகிறவர்களின் பைகளை வாங்கி வைக்கும் அறையில் வேலை செய்கிறாள். ரேஷன் கார்டையும் வாக்காளர் பட்டியலையும் விட்டால் எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யார் பெயரும் எங்கும் எழுதப்பட்டதில்லை. என் பெயர் ஒரு கோடில் ஏறியிருக்கிறது. அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்கவில்லை. படிக்காத பேட்சின் கீழே அதைப் போட மாட்டேன். படித்துச் சரியில்லை என்று தெரிந்ததன் கீழே நிச்சயமாகப் போட மாட்டேன்.

அன்று மதியம் எங்கள் டீம் லீட் செல்வின் சார் வந்தார். ஒரு கண் மருத்துவமனையின் சர்வர் கரண்ட் போனதில் மவுண்ட் ஆகாமல் கிடந்தது. நோயாளிகளின் ஸ்கேன் படங்கள் எல்லாம் அதற்குள். அவர்களுடைய லாக் தனி டிஸ்கில். அவர்கள் காத்திருந்தது இந்த பேட்சுக்காகத்தான்.

"இன்னைக்கு புது டூல் பில்டு அவங்களுக்குப் போயாகணும்மா. ஒரு வரிதான. போட்டு விட்ரு."

"எம்பேர போட மாட்டேன் சார். வேணும்னா ஒங்க பேரப் போட்டு மெர்ஜ் பண்ணிக்கிடுங்க."

அவர் கீபோர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் பெயரையும் போடவில்லை.

"ஏ நாகூரு, அவ கேக்கத செஞ்சு குடுத்துருப்பா. இவகூட மல்லுக்கட்ட நம்மால ஆகாது."

சாயங்காலம் ஆறாவது வெர்ஷன் வந்தது. எண் பொருந்தாவிட்டால் டூல் நின்றுவிடும். படித்தேன், பெயர் போட்டேன். நாகூர் அன்று என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

சாரல் சீசனில் அம்மாவும் நானும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வீடு திரும்புவோம். அவள் கேட்கும் முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றியது அல்ல.

"இன்னைக்கு ஒன்ன யாரு ஏசுனா?"

"ரெண்டு பேரு. ஒனக்கு?"

"ஒருத்தன் டோக்கன தொலச்சுட்டு வந்து நீலப் பையக் குடுங்கான். உள்ள நீலப் பையா பத்து கெடக்கு. பைக்குள்ள என்ன வச்சிருக்கீயன்னு கேட்டா, ஈரத்தோட நின்னு அந்தச் சத்தம் போடுதான்."

சாப்பிட்டுவிட்டு இருவரும் படுத்துவிட்டோம்.

3. புகார்

மறுநாள் காலையில் மருத்துவமனையிலிருந்து புகார் டிக்கெட் வந்தது. டூல் லாக் டிவைஸைத் திறக்க மறுக்கிறது, அவசரம். செல்வின் சார் போனை ஸ்பீக்கரில் போட்டார். அவர்களுடைய சிஸ்டம் ஆள் கொதித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நேத்து வரைக்கும் தொறக்கத் தெரியாதுன்னீங்க. இன்னைக்கு தொறக்க மாட்டேங்குது. இதுக்குத்தான் இத்தன நாளா?"

செல்வின் சார் போனை மியூட் செய்தார். "மாரி, அந்த நம்பர் செக்க எடுத்துட்டு ஒரு பில்டு குடுத்துருவமா? மானம் போகுது."

நான் வாயைத் திறப்பதற்குள் நாகூர் பேசினான்.

"வேண்டாம் சார். மொதல்ல அந்த ரெண்டு நம்பரையும் படிக்கச் சொல்லுங்க."

படிக்கச் சொன்னோம். பொருந்தவில்லை. சர்வர்களை அடுக்கி வைக்கும் ராக்கில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று நாகூர் கேட்டான். அணைத்து வைத்த பழைய சர்வர் ஒன்று இருந்தது. அதிலும் இதே கம்பெனியின் அதே மாடல் லாக் டிஸ்க். கரண்ட் போன அன்று யாரோ இரண்டையும் கழற்றிப் பார்த்துவிட்டு மாற்றிச் செருகியிருக்கிறார்கள்.

சிஸ்டம் ஆள் "ஒரு நிமிசங்க" என்று டிஸ்கை மாற்றப் போனார்.

சரியான டிஸ்கைப் போட்டதும் லாக் திறந்தது, ரீப்ளே முடிந்தது, மவுண்ட் ஆனது. ஒரு படமும் போகவில்லை. ஐந்தாவது வெர்ஷனாக இருந்தால் வார்னிங் திரையில் ஓடி மறைந்திருக்கும். பழைய சர்வரின் லாக் அந்தப் படங்களின் மேல் எழுதப்பட்டிருக்கும். நாகூர் என்னைப் பார்க்காமல் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நன்றி என்று யாரும் சொல்லவில்லை. 'கஸ்டமர் தரப்புப் பிழை' என்று டிக்கெட் மூடப்பட்டது. கீழே கஸ்டமரின் கருத்து ஒன்று: 'எரர் மெசேஜ் தெளிவாக இல்லை.'

எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. டூல் 'லாக் பொருந்தவில்லை' என்று மட்டும்தான் சொல்லியது. எந்த எண் எதிர்பார்க்கப்பட்டது, எந்த எண் கிடைத்தது என்று தானாகச் சொல்லியிருந்தால் போனே வந்திருக்காது. நானே உட்கார்ந்து அதற்கு ஒரு பேட்ச் எழுதி, நாகூரின் பெயருக்கு ரிவ்யூவுக்கு அனுப்பினேன்.

மதியத்துக்குள் திருப்பி அனுப்பிவிட்டான். 'மெசேஜ் மாறியிருக்கிறது. மேனுவல் பக்கம் மாறவில்லை.' அதற்குக் கீழே தனி வரியில்: 'பஜ்ஜி எங்கே?'

இரவு அம்மா கேட்டாள்.

"இன்னைக்கு யாரு?"

"நாகூரு. நான் அவன எதுக்கு ஏசுனேனோ, அதையே சொல்லி ஏசிட்டான்."

"ஏட்டி, அவன் சொன்னது சரியா?"

"சரிதாம்மா."

அம்மா சிரித்தாள். அந்த சீசனில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் பஜ்ஜியும் வாங்கிக்கொடுத்தேன், மேனுவல் பக்கத்தையும் திருத்தி இரண்டாவது வெர்ஷனை அனுப்பினேன். அதன் கடைசி வரியில் நாகூரின் பெயர் இருக்கிறது.

புதியவர்களே, உங்கள் பேட்ச் திரும்பி வரும். அசந்துதான் போவீர்கள். போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். வந்து அதைத் திறந்து படியுங்கள். திருப்பி அனுப்பியவரும் அப்படித்தான் டீ குடித்துவிட்டு வந்து படித்திருப்பார்.