மேலவீதி வரை கலையாத முகம்

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பா கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, கண்ணுக்குக் கீழே வெள்ளையாகப் பவுடரை அப்பிக்கொண்டு, பொம்மை மாதிரி அசையாமல் இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டதற்குக் கையை மட்டும் ஆட்டினாள். மாவுச் சட்டியில் தலையை விட்ட பூனை என்று தம்பி சிரித்தான். பவுடரைத் தட்டிவிட்ட பிறகு அவளே விளக்கம் சொன்னாள். இதற்குப் பெயர் பேக்கிங்காம். உடம்புச் சூட்டில் பவுடர் வெந்து தோலோடு ஒட்டிக்கொள்ளுமாம். அப்புறம் ராத்திரி வரைக்கும் கலையாதாம். இதை நான் மூன்றாம் வகுப்பிலேயே பார்த்துவிட்டேன் என்றேன். பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் நம்பவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தோம். அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்யப் போவாள். கடலூர் வேர்வை உங்களுக்குத் தெரியும். தாலி ஏறுவதற்குள் பெண்ணின் முகத்தில் பூசியதெல்லாம் வழிந்து ஜாக்கெட்டுக்கு வந்துவிடும். அதற்கு அத்தை ஒரு வழி வைத்திருந்தாள். ஈர ஸ்பான்ஜால் க்ரீமைத் தட்டித் தட்டிப் பூசி, அதன்மேல் பாண்டிச்சேரியில் வாங்கிய நைசான பவுடரைக் கண்ணுக்குக் கீழேயும் மூக்கின் இரண்டு பக்கமும் குவித்து, அப்படியே விட்டுவிடுவாள். அவள் அதற்குப் பேக்கிங் என்றெல்லாம் பெயர் வைக்கவில்லை. ஊற வைக்கிறேன் என்பாள். ரேடியோவில் இரண்டு பாட்டு முடிகிற வரைக்கும் ஊற வேண்டும். அதுவரை பேசக் கூடாது, சிரிக்கவும் கூடாது. சிரித்தால் அந்த இடத்தில் மடிப்பு விழுந்துவிடும். பிறகு பிரஷ்ஷால் தட்டிவிட்டால் முகம் பட்டுத் துணி போல இருக்கும்.

எதையும் முதலில் தன் முகத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் முகத்தில் கை வைப்பாள். அவள் ஊறிக்கொண்டிருக்கும்போது எதிரே நின்று அவளைச் சிரிக்க வைப்பதுதான் என் விளையாட்டு. அவள் மின்விசிறியையே பார்த்தபடி, கைக்கு எட்டிய சீப்பை என்மேல் எறிவாள்.

கண்ணுக்குக் கீழே விழும் கோடு ஃப்ளாஷ் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிகிறது என்று அவளிடம் முதலில் சொன்னவர் சிதம்பரத்துப் போட்டோக்காரர். இரண்டு பேரும் ஒரே கல்யாணங்களுக்கு வேலைக்குப் போனதில் பழக்கம். ஆல்பம் காட்டுகிறேன் என்று எங்கள் வீட்டுக்கு வருவார். எனக்குக் கமர்கட்டு கொண்டுவருவார். அவர் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே அத்தை என்னைப் பிடித்து நிறுத்தி, மூக்கில் பவுடர் இருக்கிறதா பார் என்பாள். எப்போதும் இருக்கும். இல்லை என்றுதான் சொல்வேன்.

ஒரு கத்திரி வெயில் நாளில், புதுப் பவுடர் வெயில் தாங்குமா என்று பார்க்க வேண்டும், பஸ்ஸில் சிதம்பரம் வரை போய்வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இவனையும் கூட்டிக்கொண்டு போ, உன் அண்ணன் வேலை விட்டு வருவதற்குள் வந்துவிடு என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கு இரண்டு பாட்டுக்குப் பதில் மூன்று பாட்டு ஊறினாள். நான் கண்ணை உருட்டினேன், காதைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். சீப்பு வரவில்லை. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

பஸ்ஸில் என்னை வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார வைத்தாள். முன் சீட்டு அம்மாள் திரும்பி, கல்யாணத்துக்கா என்று கேட்டதற்குப் பாதிச் சிரிப்பு சிரித்தாள். ஆலப்பாக்கம் தாண்டியதும் என் காதருகில் குனிந்தாள்.

"இன்னிக்கு நம்மள போட்டோ எடுப்பாங்கடா மருமவனே. எடுத்துட்டு நம்ம கூடவே வீட்டுக்கு வர்றாங்களாம். உங்கப்பாகிட்ட பேசணுமாம்."

கமர்கட்டு வரப்போகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

போட்டோக்காரரின் ஸ்டூடியோ மேலவீதியில் இருந்தது. நாங்கள் போனபோது அவர் இல்லை. கல்லாவில் அவருடைய அக்கா உட்கார்ந்து, படங்களின் ஓரத்தை நறுக்கிக்கொண்டிருந்தார். அத்தையை நிமிர்ந்து பார்த்தார். அத்தை இன்னார் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"தம்பி கும்பகோணம் போயிருக்கான்மா, பொண்ணு பாக்க. எங்கம்மா சொல்லி ரொம்ப நாளா இழுத்துக்கிட்டுக் கெடந்தது. இன்னிக்கே பூ வெச்சுட்டு வந்துடுவாங்க. நீ ஆல்பத்துக்கா வந்த?"

"ஆமாங்க்கா. ஆல்பத்துக்குத்தான்."

எந்தக் கல்யாணத்து ஆல்பம் என்று கேட்டார். அத்தை ஏதோ ஒரு பெயரைச் சொன்னாள். இன்னும் ஒட்டி முடியவில்லை என்றார். தண்ணீர் கொடுத்தார். அத்தை வாங்கி என்னிடம் நீட்டினாள். நான் குடித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். காலையில் புறப்பட்ட மாதிரியே இருந்தது. மடிப்பு இல்லை, வேர்வை இல்லை. அந்த வெயிலில், அந்த ஃபேன் ஓடாத அறையில், ஒரு இம்மி கலையவில்லை. பவுடர் ஜெயித்துவிட்டது என்று எனக்குப் பெருமை.

வெளியே வந்ததும் போட்டோ எங்கே என்று கேட்டேன். கேமராவை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம் என்றாள். தேருக்குப் போட்டிருந்த தகரக் கொட்டகை நிழலில் கொஞ்ச நேரம் நின்றோம். அந்தப் பக்கம் வரும் ஒவ்வொரு வண்டியையும் பார்த்தாள். பஸ் கிளம்பும் நேரம் என்று நான்தான் இழுத்தேன்.

திரும்பும்போது ஜன்னலோரத்தை அவள் எடுத்துக்கொண்டாள். எனக்குக் கோபம். உம்மென்று இருந்தேன். புதுச்சத்திரம் வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, எங்கேயாவது கலைந்திருக்கிறதா பார் என்றாள். கோபத்தை மறந்து எழுந்து நின்று, நெற்றி, மூக்கு, தாடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு கண்ணுக்கும் கீழே மட்டும் பவுடர் பிரிந்து, மெல்லிசாக ஒவ்வொரு கோடு தாடை வரை இறங்கியிருந்தது. சொன்னேன்.

"உப்புக் காத்துடா" என்றாள்.

கடல் பக்கத்தில்தானே, இருக்கும் என்று நானும் நினைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். என்ன ஆயிற்று என்று அத்தையைத்தான் கேட்டாள். அத்தை செருப்பைக் கழற்றிக்கொண்டே இருந்தாள். செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகாது. அதனால் நானே முழு விவரமும் சொன்னேன். பஸ் காற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, மேலவீதி வெயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை, திரும்பி வரும்போதுதான் இரண்டு கோடு விழுந்துவிட்டது என்றேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, அத்தையின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அத்தைக்கு வேலை சரியாக வரவில்லை என்று வருத்தம், அம்மா சமாதானப்படுத்துகிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. பவுடரைப் பற்றி அந்த வீட்டில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால் அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்துச் சொன்னேன்.

"அடுத்த தடவ கண்ணுக்குக் கீழ மட்டும் ஜாஸ்தியா ஊற வெச்சுக்கோ அத்தை."

அம்மாவின் தோளில் முகத்தை வைத்தபடியே சொன்னாள்.

"வெச்சுக்கறேன்டா மருமவனே."